எகிறு, பையோரியா, ஃப்ளாப்: ஈறு அறுவைக்குப் பின்னால் இருக்கும் சொற்கள்

திருநெல்வேலிப் பக்கம் பல் டாக்டரிடம் போகிறவர்கள் "ஈறு வலிக்கிறது" என்று சொல்வது குறைவு. "எகிறு வீங்கியிருக்கு, வெந்நி வச்சுக் கொப்பளிச்சும் கேக்கல" என்பார்கள். இந்த எகிறுக்கும் விலைவாசி எகிறுவதற்கும் எந்த உறவும் இல்லை. எயிறு என்ற பழைய சொல்தான் பேச்சில் எகிறு ஆயிற்று. ஈறு என்பதும் அதே எயிறு சுருங்கி வந்த வடிவம்தான்.

பழைய பாட்டுகளில் எயிறு என்றால் பெரும்பாலும் பல். குறளில் வரும் 'வாலெயிறு ஊறிய நீர்' வெண்பல்லில் ஊறிய நீர். பன்றியின் கோரைப்பல்லுக்கும் எயிறு என்றே பெயர். அப்புறம் அந்தச் சொல் பல்லிலிருந்து இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் சதைக்கு வந்து சேர்ந்தது. அகராதிகளில் இரண்டு பொருளும் இருக்கின்றன. முடிவு என்ற பொருளில் வரும் ஈறு, அதாவது ஈற்றடி, ஈற்றெழுத்து என்பவற்றில் உள்ள ஈறு, 'இறு' என்ற வினையில் பிறந்த வேறு சொல். பல் முடிகிற இடம் என்பதால்தான் ஈறு என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எயிற்றை விட்டுவிட்டுப் போகிற விளக்கம் அது.

டாக்டர் எழுதித் தரும் சீட்டில் எகிறும் இருக்காது, ஈறும் இருக்காது. 'பெரியோடான்டைட்டிஸ்' என்றிருக்கும். கிரேக்கத்தில் பெரி என்றால் சுற்றி, ஓடான்ட் என்றால் பல். கடைசியில் வரும் ஐட்டிஸ் அழற்சியைக் குறிக்கும். பல்லைச் சுற்றி இருப்பவை நான்கு: ஈறு, வேரை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார், வேரின் மேலுள்ள சிமென்டம் என்ற மெல்லிய படலம், வேர் இறங்கியிருக்கும் தாடை எலும்பு. ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அது ஜின்ஜிவைட்டிஸ், தமிழில் ஈறு அழற்சி. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். நாரையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கினால்தான் பெரியோடான்டைட்டிஸ். போன எலும்பு தானாகத் திரும்பி வராது. இதைப் பல்சூழ் திசு அழற்சி என்று எழுதலாம். வாயில் நுழையச் சிரமப்பட்டாலும், நோய் ஈற்றோடு நிற்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

வயதானவர்கள் இதற்கு இன்றும் பையோரியா என்பார்கள். பையோன் சீழ், ரியா ஒழுக்கு. டயரியாவில் இருப்பதும் இதே ரியாதான். சீழ் ஒழுகுவது நோயின் ஓர் அடையாளம் மட்டும்தான், எல்லாருக்கும் ஒழுகாது. அதனால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள்.

சீட்டின் அடுத்த வரியில் 'ஃப்ளாப் சர்ஜரி'. இங்கேதான் வீட்டில் கலவரம் ஆரம்பிக்கும். "எகிறுல ஆப்ரேசன்னு எழுதியிருக்காவ, எல்லாத்தையும் அறுத்து எடுத்துருவாவளோ?" சர்ஜரி என்ற சொல்லின் மூலத்தில் அறுப்பதே இல்லை. கிரேக்கத்தில் கை, வேலை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது. கைவேலை என்று பொருள். இலங்கைத் தமிழர்கள் சத்திரசிகிச்சை என்பார்கள். அந்தச் சத்திரம் ஆயுதத்தைக் குறிக்கும் வடசொல்; தங்கும் சத்திரம் வேறு. நாம் அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொண்டோம். நல்ல சொல்தான், ஆனால் ஈற்றோடு சேரும்போது கொஞ்சம் தப்பான படத்தைக் காட்டுகிறது.

நிஜமாகவே ஈற்றை அறுத்து எடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அது ஜின்ஜிவெக்டமி. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு பல்லை மூடும்படி வளர்ந்துவிடும். அந்த மிகைச் சதையை நறுக்கிச் சீர்செய்வார்கள். இதற்கு ஈறு நீக்கம் பொருந்தும். ஃப்ளாப் அப்படியல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றைப் பல்லின் ஓரமாகக் கீறி, அடிப்பக்கம் ஒட்டியிருக்கும்படியே விலக்குவார்கள். உள்ளே வேரில் ஒட்டியிருக்கும் கெட்டி அழுக்கான காரையையும் கெட்டுப்போன திசுவையும் கண்ணால் பார்த்தே சுரண்டி எடுப்பார்கள். சிலருக்கு எலும்புத் தூளும் வைப்பார்கள். பிறகு ஈற்றை இருந்த இடத்திலேயே படியவைத்துத் தைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் ஒட்டியிருக்க மறுபக்கம் விலகி நிற்பதற்குத் தமிழில் மடல் என்று பெயர் இருக்கிறது: காது மடல், தாழை மடல். ஈறு மடல் சிகிச்சை என்றால் என்ன நடக்கப்போகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். 'ஈறு அறுவை' என்று மட்டும் எழுதிக் கொடுத்துப் பயமுறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

மடலைத் திறக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது 'பாக்கெட்', அதாவது பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் உள்ள பள்ளம். தமிழில் ஈற்றுப்பை என்றே சொல்லலாம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள். டாக்டர் "மூணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே போவார், உதவியாளர் கட்டத்தில் எழுதுவார். கடைவாய்க்குப் போனதும் "ஆறு, அஞ்சு, ஏழு" என்று குரல் மாறும். மூன்று வரை சாதாரணம். ஆழம் கூடியிருந்தாலும் உடனே கத்தி வைப்பதில்லை. முதலில் பல்லையும் வேரையும் சுத்தம் செய்துவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஐந்துக்கு மேல் நின்று, தொட்டால் ரத்தம் கசிந்தால்தான் மடல் பேச்சு வரும்.

திறந்த ஈறு திரும்பவும் ஒட்டி ஆற வேண்டும். முன்தயாரிப்பு எல்லாமே அதற்காகத்தான். சர்க்கரை இருந்தால் அன்றைய அளவு போதாது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். வருத்தப்பட வேண்டாம், அது நல்ல டாக்டருக்கு அடையாளம். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுக்கிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ரத்தம் வருமே என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பல்லுக்குப் பயந்து இதயத்தைப் பணயம் வைத்த கதையாகிவிடும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

"வெறும் வயித்துலதான வரணும்?" என்று அண்ணாச்சிமார் கேட்பது வழக்கம். வாயில் மட்டும் மரத்துப்போகும் ஊசி என்றால் அப்படி வரக் கூடாது. காலையில் நன்றாகச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். முழு மயக்கம் என்றால் மட்டும் டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து பட்டினி.

பீடி, சிகரெட், புகையிலையை எவ்வளவு முன்னால் விடுகிறோமோ அவ்வளவு நல்லது. புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காயம் ஆறத் தாமதமாகும். இன்னொரு சூதும் உண்டு: புகைப்பவர்களுக்கு ஈற்றில் ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும், நோய் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதே வெளியில் தெரியாது. வெற்றிலை ஆத்தூர்க் கொழுந்தாகவே இருந்தாலும் தையல் பிரிக்கும்வரை வெற்றிலைச் செல்லத்தைத் திறக்க வேண்டாம்.

முடிந்த அன்று வெந்நீர் போட்டுக் கொப்பளிக்கும் நம்மூர் வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். வேகமாகத் துப்பினாலும் கொப்பளித்தாலும் காயத்தில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். கன்னத்தில் வெளியே ஐஸ் ஒத்தடம் வைக்கலாம். தைத்த இடத்தில் பிரஷ் படக் கூடாது, அதற்குப் பதிலாகத்தான் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் கரைசல் தருவார்கள். பல்லில் கொஞ்சம் பழுப்புக் கறை படியும், சுத்தம் செய்தால் போய்விடும். சாப்பாடு குழைந்ததாக, ஆறியதாக இருக்கட்டும். தயிர் சாதம், ஆறிய கஞ்சி. சொதியும் ஆகும், காய் குழைந்திருந்தால். கூட வைக்கும் இஞ்சிப் பச்சடியும் சிப்ஸும் மற்றவர்களுக்கு. அல்வா மெதுவாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். மெதுவுதான், ஆனால் தையலில் ஒட்டிக்கொள்ளும்.

ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். வீக்கம் வடிந்து ஈறு இறுகியதும் பல் முன்பைவிட நீளமாகத் தெரியும், குளிர்ந்த நீர் பட்டால் கூசும். சிகிச்சை கெட்டுப்போயிற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம், இதுவரை வீக்கம் மூடியிருந்த வேர்தான் அது. கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். சீட்டின் அடியில் 'மெயின்டெனன்ஸ், 3 மாதம்' என்று கிறுக்கியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பையை அளந்து, பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அர்த்தம்.