நிரந்தரத் தலைச்சாயம் எத்தனை நாள் நிற்கும்?

தலைச்சாயத்தால் தோல் பாதிக்கப்பட்டுச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை டை அடிக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பது வழக்கம். மாதம் ஒருமுறை என்பவர்கள் சிலர். ஞாயிறுதோறும் அடிப்பவர்களும் உண்டு. காரணம் கேட்டால், பாக்கெட்டில் நிரந்தரம் என்று போட்டிருந்தாலும் பத்தே நாளில் வெளுத்துவிடுகிறது என்பார்கள். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், வெளுத்ததாக அவர்கள் சொல்லும் முடியில் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தலைத்தோலை ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குப் புதிய நரை முளைத்திருக்கும்.

தலைமுடி சராசரியாக மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சாயம் ஏறுவது ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட இழையில்தான். வேரிலிருந்து அடுத்து வரும் பகுதி தன் சொந்த நிறத்தோடுதான் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்தவருக்கு இது ஒன்றரை மாதம் வரைகூடக் கண்ணில் படாமல் போகலாம். பாதிக்கு மேல் நரைத்தவருக்கோ வகிட்டிலும் காதோரத்திலும் இரண்டாவது வாரத்திலேயே வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கும். அதுவும் மைக்கறுப்புச் சாயம் போட்டிருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். அடர் பழுப்புக்கு மாறினாலே இந்தக் கோடு ஓரளவு மங்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். கறுப்பை விட்டுக்கொடுக்க எளிதில் யாரும் சம்மதிப்பதில்லை.

இழையில் ஏறிய நிறம் ஏன் போவதில்லை என்பதற்கு அதன் வேதியியல்தான் காரணம். பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாரா-ஃபினிலீன்டையமினும் அதன் துணைப் பொருட்களும் நிறமற்ற, மிகச் சிறிய மூலக்கூறுகள். அம்மோனியா முடியை உப்பச்செய்து, மேலுறைச் செதில்களை விலக்கி, அவற்றுக்கு வழிவிடுகிறது. உள்ளே போனபின் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று வினைபுரியச் செய்ய, அவை நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாகி வந்த வழியே திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. தண்ணீரில் குழைத்துப் பூசும் பொடிச் சாயங்களில் பெராக்சைடைத் தரும் பொருள் பொடியிலேயே கலந்திருக்கும் என்பதைத் தவிர வேறு பெரிய வித்தியாசமில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் இந்த வினை முடிந்துவிடுவதால், அரை மணி நேரம் என்று போட்டிருப்பதை இரண்டு மணி நேரம் ஊறவைப்பதால் நிறம் கூடுதல் நாள் நிற்காது. தோல்தான் கூடுதலாக எரியும். கலந்து மீந்ததை மூடிவைத்து அடுத்த வாரம் பூசுகிறவர்கள், வினை முடிந்துபோன குழம்பைப் பூசிவிட்டு நிறம் பிடிக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள். அந்தப் புட்டிக்குள் வாயு சேர்ந்து அது வெடிக்கவும் கூடும்.

நிறம் மங்குவதே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. முதல் சில குளியல்களில், முடிக்குள் சரியாகச் சிக்காத சாயம் வெளியேறும். அதன்பின் ஒவ்வொரு முறை நனையும்போதும் முடி உப்பி, உலர்ந்து சுருங்கும். அப்போது சிறிது சிறிதாக நிறம் கசியும். ஷாம்பூவைக் குற்றம் சொல்கிறோம். நனைவதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தினமும் தலைக்குக் குளிப்பவருக்கு வாரம் இரண்டு முறை குளிப்பவரைவிட விரைவாக மங்குவது இதனால்தான். எண்ணெய் வைத்தால் சாயம் போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, நனையும்போது அது உப்புவதைக் குறைக்கக்கூடியது என்பதால் குளிப்பதற்கு முன் அளவாகத் தடவிக்கொள்வதில் கெடுதல் இல்லை. ஆனால் சாயம் பூசும் அன்று பிசுபிசுப்பான எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்தால் நிறம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

வெயிலும் நீச்சல்குளத்துக் குளோரினும் நிறத்தைச் சிதைக்கும். முடியை நேராக்கும் இரசாயன சிகிச்சையோ ப்ளீச்சோ செய்துகொண்டவர்களுக்கு மேலுறை ஏற்கெனவே சேதமடைந்திருப்பதால் சாயம் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். சிவப்புச் சாயல்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாக மங்குகின்றன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் முடியில் படிவை உண்டாக்கிப் பளபளப்பைக் குறைப்பதால், நிறம் இருந்தும் வெளுத்ததுபோலத் தோன்றுவதுண்டு.

கறுப்புச் சாயம் போட்ட தலை சில மாதங்களில் செம்பட்டையாகிவிட்டது என்ற புகாரையும் அடிக்கடி கேட்கிறேன். நரைக்காத கருமுடியிலும் பெராக்சைடு படுகிறதல்லவா? அது முடியின் இயற்கை நிறமியான மெலனினைக் கொஞ்சம் வெளுக்கச்செய்கிறது. மேலே ஏறிய சாயம் மங்கத் தொடங்கியதும், அடியில் மிஞ்சிய செம்பழுப்பு வெளியே தெரிகிறது. இதை மறைக்கத் தலை முழுவதும் மறுபடி பூசினால் மறுபடி பெராக்சைடு படும். நுனிமுடி வறண்டு, இன்னும் எளிதாகச் சாயத்தை விட்டுவிடும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசுங்கள். நுனி மிகவும் மங்கியிருந்தால், கடைசி ஐந்து நிமிடங்களில் அதே சாயத்தைச் சீப்பால் கீழே இழுத்துவிட்டால் போதும். இடையில் ஒரு திருமணமோ விழாவோ வந்தால், வகிட்டை மறைக்க ஒரே குளியலில் போய்விடும் தற்காலிகச் சாயக் குச்சிகள் கடைகளில் கிடைக்கின்றன.

அடிக்கடி பூசுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் முடி அல்ல, தோல். பிபிடி ஒவ்வாமை பழகப் பழக வருவது. பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் பூசியவருக்குத் திடீரென்று ஒருநாள் காதோரம் அரித்து, இமைகள் வீங்கி, நீர் கசியும். பூசிய அன்றே வராமல் ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வருவதால், பலர் சாயத்தைச் சந்தேகிக்காமல் சாப்பாட்டைச் சந்தேகிக்கிறார்கள். நம்மவர்களிடம் இன்னொரு வடிவமும் காணப்படுகிறது: பெரிய அரிப்பின்றி, நெற்றியோரமும் கன்னப்பொட்டும் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டே வரும். வெயிலில் கருத்தது என்று நினைத்து முகப்பூச்சு தடவிக்கொண்டே சாயத்தையும் தொடர்வார்கள். சாயத்தை நிறுத்தினாலும் அந்தக் கருமை விலக மாதக்கணக்காகும்.

அம்மோனியா இல்லாதது என்று எழுதியிருந்தால் வாசனை குறையும், அவ்வளவுதான். பிபிடி உள்ளே இருக்கலாம். மூலிகை என்ற பெயரிலும் கருப்பு மருதாணி என்ற பெயரிலும் வரும் பொடிகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மருதாணி இலை தனியாகச் செம்பழுப்பைத்தான் தரும். மருதாணி இட்டபின் அவுரி இட்டுக் கறுப்பைப் பெற மணிக்கணக்கில் ஆகும். அரை மணியில் கன்னங்கரேலென்று ஆக்கும் மருதாணியில் பிபிடி இருக்க வாய்ப்பு மிகுதி. திருமண வீடுகளில் குழந்தைகளின் கையில் கருப்பு மருதாணிக் கூம்பால் வரைவது, பிற்காலத்தில் தலைச்சாயத்தையே தொட முடியாதபடி அவர்களுக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும்.

ஒவ்வொரு முறையும், அதே கம்பெனிச் சாயமாக இருந்தாலும், சிறிதளவு கலந்து காதின் பின்புறம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். முன்பு ஒருமுறை ஒவ்வாமை வந்தவர்கள் இந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்யாமல் தோல் மருத்துவரிடம் வர வேண்டும். ஒருமுறை வந்த பிபிடி ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அப்படி வந்தவர்கள் சாயம் போகும்வரை அரிப்பும் போகாதோ என்று அஞ்சி மொட்டையடிக்கத் தேவையில்லை. வினை முழுமையாக முடிந்து முடிக்குள் சிக்கிவிட்ட சாயம் பொதுவாக ஒவ்வாமையைத் தூண்டுவதில்லை என்பதால், தலையை நிறையத் தண்ணீர் விட்டு ஷாம்பூவால் நன்றாக அலசிவிட்டு மருத்துவரைப் பார்த்தால் போதும். முகம் வீங்கினாலோ, மூச்சுத்திணறல் இருந்தாலோ தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.