கொலுசு கறுத்தால் குழாயையும் பாருங்கள்

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரிக்குப் போன வருடம் பயோகேஸ் குழாய் பார்க்கப் போயிருந்தேன். முதலாளி குழாயைக் காட்டுவதற்கு முன்னாலேயே, கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த ஒரு அக்கா தன் காலைக் காட்டினார். "இதப் பாருங்க சார், மெருகு போட்டு ரெண்டு வாரங்கூட ஆகல. கரியாட்டம் ஆயிருச்சு. உடம்புச் சூடுங்கறாங்க."

உடம்புச் சூடு இல்லை. மரவள்ளிக் கழிவுநீர் மூடிய தொட்டியில் காற்றில்லாமல் புளிக்கும்போது மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்பைடும் வருகிறது. தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்களின் வேலை அது. வெள்ளியில் பட்டால் கறுப்பு சல்பைடு. இரும்பில் பட்டாலும் கறுப்புதான். ஆனால் இரும்புக்கு மெருகு போட முடியாது.

வளைகுடாவில் பல வருடம் எரிவாயுக் கிணறுகளின் உள்பூச்சைச் சோதிக்கும் வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியவன் நான். இந்த வாயு கலந்து வருவதை அங்கே 'சவர் கேஸ்' என்பார்கள். அபுதாபியின் ஷா வயலில் வரும் வாயுவில் ஏறத்தாழ 23 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு. நம் சேகோ தொட்டியில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆழமும் அழுத்தமும் சூடும் இங்கே இல்லை. ஆனாலும் பூச்சு தோற்கும் விதத்தில் இரண்டு இடத்துக்கும் நிறைய ஒற்றுமை உண்டு.

அந்த ஃபேக்டரியில் குழாயின் வெளிப்புறம் அலுமினியம் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. உள்ளே எபாக்ஸி என்ற பிசின் பூச்சு அடித்ததாகச் சொன்னார்கள். பூச்சின் தடிமன் அளக்கும் திக்னஸ் மீட்டரில் 300 மைக்ரான், அதாவது 0.3 மில்லிமீட்டர் காட்டியதாம், ரிப்போர்ட்டும் இருந்தது. அப்படியும் குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில், ராத்திரிக் குளிரில் ஈரம் முத்துமுத்தாகக் கோத்து வடிந்து தேங்கும் இடத்தில், மிளகு அளவுக்கு மூன்று ஓட்டை.

தடிமன் அளந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலில் பெரிய கேடு. மீட்டர் முனை படும் இடத்தில் எவ்வளவு பூச்சு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். பக்கத்தில் ஊசி முனை அளவு பூச்சே இல்லாமல் இருந்தாலும் அதற்குத் தெரியாது. அந்தப் பொத்தலுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹாலிடே'. பெயின்டர் லீவு போட்ட இடம் என்று நானாக அர்த்தம் சொல்லிக்கொள்வேன். 500 மைக்ரானுக்குள் இருக்கும் பூச்சில் இதைக் கண்டுபிடிக்க ஈர ஸ்பாஞ்ச் கருவி போதும். 67.5 வோல்ட்தான். ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்துக்கொண்டே போனால், பொத்தல் வழியே ஈரம் இரும்பைத் தொட்ட இடத்தில் 'பீப்' என்று கத்தும். அதற்கு மேல் தடிமன் என்றால் தீப்பொறி பறக்கும் ஹை வோல்டேஜ் கருவி வேண்டும். வாயு ஓடிய குழாய்க்குள் தீப்பொறியா என்று கேட்பீர்கள். பொருத்துவதற்கு முன்பே, புதுக் குழாயாக இருக்கும்போதே செய்துவிட வேண்டிய சோதனை இது.

கிணற்றுக்குப் போகும் பூச்சுக்கு இதெல்லாம் பால பாடம். உண்மையான பரீட்சை ஆட்டோகிளேவில். தடித்த சுவருள்ள பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு பூசிய இரும்புப் பட்டையை நிறுத்தி வைப்போம். அடியில் உப்புத் தண்ணீர், நடுவில் எண்ணெய், மேலே ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும். கிணற்றில் இருக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் கொடுத்துக் காத்திருப்போம். இதுவரை, கிணற்றுக்குப் பூசும் எந்த நல்ல எபாக்ஸி ஃபினாலிக் பூச்சும் தாங்கும். வினை வருவது அழுத்தத்தை இறக்கும்போது. பூச்சுக்குள் மெல்ல ஊறிப்போன வாயு, வெளியே அழுத்தம் சட்டென்று குறைந்ததும் வழி தேடும். இரும்போடு பிடிப்பு சரியில்லாத இடத்தில் பூச்சு எண்ணெயில் போட்ட அப்பளம் போல் எழும்பிவிடும். திறந்து பார்க்கும்போது வாயுவில் நின்ற மேல்பகுதி சமர்த்தாக இருக்கும், எண்ணெயில் நின்ற நடுப்பகுதியில் மட்டும் கொப்புளம் நிற்கும். அப்புறம் கத்தியால் கீறி நெம்பிப் பார்ப்போம், மின்தடையும் அளப்போம். சதுர சென்டிமீட்டர் கணக்கில் நூறு கோடி ஓம் காட்டினால் பூச்சு உயிரோடு இருக்கிறது. பத்து லட்சத்துக்குக் கீழே போனால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

பிடிப்பு ஏன் போகிறது? பாதிக்கு மேல் பூசிய நாளின் தவறு. காற்றின் ஈரம் தண்ணீராகக் கோக்கத் தொடங்கும் சூடுதான் பனிப்புள்ளி. இரும்பின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருந்தால்தான் பூசலாம் என்பது விதி. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில், மார்கழிக் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியைத் தொட்டேன், விரல் நனைந்தது. "பனிதான் சார், துடைச்சுட்டு அடிச்சுக்கலாம்" என்றார் மேஸ்திரி. துடைத்த கையோடு மறுபடி கோத்துக்கொள்ளும் ஈரத்தின் மேல் எந்தப் பெயின்ட் நிற்கும்? பத்து மணி வெயில் வரட்டும் என்று டீ குடிக்க அனுப்பினேன். ஒரு நாள் கூலி வீண் என்று என்மேல் வருத்தம்தான்.

அடுத்தது உப்புப் படிவு. சேலத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தாலே போதும். கிணற்றில் தண்ணீர் மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு பிரிந்து, கால்சியம் கார்பனேட் குழாயில் ஒட்டும். சவர் கேஸ் கிணற்றில் இதோடு கறுப்பாக இரும்பு சல்பைடும் சேரும். வழவழப்பான பூச்சில் படிவு லேசாகத்தான் ஒட்டும் என்பதால் பூச்சுக்கு இதிலும் ஒரு சோதனை உண்டு. படிவை நீக்க ஊற்றும் ஆசிட்டைப் பூச்சு தாங்குமா என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஆசிட் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பயோகேஸ் குழாயில் கறுப்பாகப் படிந்திருப்பதில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரும்பு சல்பைடும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது அதே ஹைட்ரஜன் சல்பைடு, அதுவும் மொத்தமாக, உங்கள் முகத்துக்கு நேரே. அழுகிய முட்டை நாற்றம் முதலில் அடிக்கும். 100 பிபிஎம் வாக்கில், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு கலந்தாலே, மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று தொட்டிக்குள் இறங்கியவர்களும், அவர்களைத் தூக்க இறங்கியவர்களும் திரும்பி வரவில்லை என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். கேஸ் டிடெக்டர் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். அந்தக் கறுப்புத் தூள் காய்ந்தால் காற்றில் தானாகத் தீப்பிடிக்கவும் செய்யும். நனைத்துத்தான் அள்ள வேண்டும்.

சரி, ஆட்டோகிளேவுக்கு சேகோ முதலாளி எங்கே போவார்? அவருக்கு நான் சொன்னது செலவில்லாத வழி. 75 மில்லிமீட்டர் நீளம், 12 அகலம், 3 தடிமனில் இரும்புப் பட்டை இரண்டு. ஒன்று வெறுமனே, இன்னொன்றில் அவர் வாங்கப்போகும் பூச்சு. ஓட்டை விழுந்த அதே தாழ்ந்த இடத்தில், வால்வை மூடி வாயுவை வெளியேற்றிவிட்டு, உள்ளே தொங்கவிட்டோம். 90 நாள். வெறும் பட்டை சுமார் 21 கிராம் இருக்கும். அது இரண்டேகால் கிராம் இழந்தால், வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் இரும்பு போகிறது என்று கணக்கு. குழி விழும் இடத்தில் இதைவிட வேகமாகப் போகும்.

வெறும் பட்டையை என் லேபில் சுத்தம் செய்தேன். பூச்சுப் பட்டையின் ஓரத்தில் ஒரு கொப்புளம் தெரிந்ததால், அதைக் கழுவாமல் பையில் போட்டுக்கொண்டேன். எடை போட செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுப் பட்டறைக்குப் போனேன்; மில்லிகிராம் சுத்தமாகக் காட்டும் தராசுக்கு சேலத்தில் பஞ்சமா? வெறும் பட்டையில் 1.9 கிராம் குறைந்திருந்தது. பையைத் திறந்ததும் பட்டறைக்காரர் மூக்கைச் சுளித்தார். மெருகு போட்டு அடுக்கியிருந்த கொலுசுத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்தக் கறுப்ப வெளிய கொண்டுபோயிடுங்க சார், நாளைக்கு டெலிவரி இருக்கு" என்றார்.