மந்தமாகும் கை: பார்க்கின்சன் நோயும் அதன் மருந்தும்

பார்க்கின்சன் என்றதும் பலருக்குக் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். வைத்தியர்கள் முதலில் தேடுவது அசைவின் மந்தத்தை. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஆரம்பத்தில் நடுக்கமே இருக்காது. மந்தம் இல்லாத பார்க்கின்சன் கிடையாது. இலங்கையின் தேயிலை மலைகளில் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொழுந்து பறிப்பது இரு கைகளும் சேர்ந்து, விரல் நுனியால், வேகமாக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. இந்த நோய் முதலில் கெடுப்பதும் அத்தகைய அசைவைத்தான், அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில். ஒரு கை வழக்கம்போல் கிள்ளிக்கொண்டு போகும், மற்றது பின்தங்கும். கொழுந்து மடுவத்தில் நிறை குறையும், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழும், "வயசாயிருச்சு" என்று பேச்சு வரும். சிகிச்சை உள்ள ஒரு மூளை நோய் இப்படி ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது.

லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து, முடிந்த வேகத்தில் பத்துத் தடவை தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கையாகப் பாருங்கள். நலமான கையில் பத்தாவது தட்டும் முதல் தட்டைப் போலவே அகலமாக இருக்கும். பார்க்கின்சன் கையில் நாலைந்து தட்டுக்குள் இடைவெளி சுருங்கத் தொடங்கும். நடுவில் ஓரிரு தடவை நின்று போகும். மூட்டுவலிக் கையும் மெதுவாகத்தான் தட்டும், ஆனால் பொதுவாக இப்படிச் சுருங்கிக்கொண்டே போகாது. நடக்கும்போது அந்தப் பக்கக் கை வீசாமல் உடலோடு ஒட்டியிருக்கும். நடுக்கம் இருந்தால், கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது விநாடிக்கு 4 முதல் 6 தடவை வரும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் இரண்டு கையும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், கனவில் கத்திக் கையை காலை உதறுவது ஆகியவை கை மந்தமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கலாம்.

இதே தோற்றத்தை மருந்தும் உண்டாக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடோல் எல்லாம் மூளையில் டோபமின் என்ற, அசைவுக்கு உதவும் இரசாயனம் வேலை செய்யும் இடத்தை அடைப்பவை. மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்தால் உடல் விறைக்கும், நடை சுருங்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதனால் டிஸ்பென்சரியில் வாங்கிய குளிசை உறைகளையெல்லாம் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புக்கலங்கள்தான் மூளையின் உட்பகுதியிலுள்ள அசைவுக் கருக்களுக்கு (நரம்புக்கலத் திரள்களுக்கு) டோபமினை அனுப்புகின்றன. அந்தக் கருக்கள் எப்போதும் அசைவைத் தடுத்து வைத்திருக்கின்றன. எந்த அசைவு வேண்டுமோ அதன் தடையை மட்டும் டோபமின் தளர்த்துகிறது. டோபமின் குறைந்த உடல், கைப்பிரேக்கை முழுதாக விடாமல் மேடேற்றும் லொறி மாதிரி. தசையில் பலம் இருக்கிறது, இறுக்கம்தான் விடவில்லை. அறிகுறி வெளியே தெரியும்போது அந்தக் கலங்களில் சுமார் பாதி அழிந்திருக்கும்.

1957இல் சுவீடனின் ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன், மருந்து கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களை, உடலில் டோபமினாக மாறும் லெவோடோபா கொடுத்து எழுப்பினார். 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்ற ஆய்வாளர், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். 1967இல் கொட்சியாஸ் என்ற வைத்தியர், லெவோடோபா கலந்த டோபாவை நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வெற்றி கண்டார். அரை நூற்றாண்டு கடந்தும் லெவோடோபாவைவிடச் சிறந்த மருந்து வரவில்லை.

டோபமினையே கொடுத்தால் பயனில்லை, அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும். ஆனால் போகும் வழியிலேயே பெரும்பகுதி டோபமினாக மாறிக் குமட்டலைத் தரும். அதைத் தடுக்கத்தான் கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். வழக்கமான குளிசையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 25 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கும். அப்படி வழியிலேயே மாறுவதைத் தடுக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. ஆரம்பத்தில் ஒரு குளிசை மட்டும் எடுப்பவருக்குக் குமட்டல் வருவது இதனால்தான். அதற்காக மெட்டோகுளோபிரமைட் கேட்டு வாங்கிவிடக் கூடாது.

அதிகம் தவறுவது சாப்பாட்டு நேரத்தில். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலிலும் மூளையின் வாசலிலும், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் போகும் அதே வழியால்தான் அதுவும் போக வேண்டும். பால் தேத்தண்ணி, ரொட்டி, பருப்பு எல்லாவற்றோடும் சேர்த்துக் குளிசையை விழுங்கினால் பருப்பின் அமினோ அமிலம் முந்திக்கொள்ளும். குளிசை வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதன் பின்னால் இதுதான் இருக்கிறது. எழுந்தவுடன், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலமாவது முன்பு, வெறும் தண்ணீரோடு எடுங்கள். சாப்பிட்டுவிட்டால் ஒரு மணித்தியாலமாவது பொறுத்து எடுங்கள். பகலில் மருந்து சரியாகப் பிடிக்காதவர்கள் பருப்பு, நெத்தலி, முட்டையை இராச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் பார்க்கலாம். புரதத்தை அடியோடு விடக் கூடாது, இந்த நோயில் உடல் ஏற்கெனவே மெலியும். இரும்புச்சத்துக் குளிசையும் லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டங்களில் இரத்தசோகைக்கு அதை எடுக்கும் பெண்கள் அதிகம்; இரண்டுக்கும் இடையே இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள்.

இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பாதியாகிவிடும். ஆரம்பத்தில் மிச்சமுள்ள கலங்கள் அதைச் சேமித்து வைத்துக் கொடுப்பதால் மூன்று வேளை போதும். கலங்கள் குறையக் குறைய, அடுத்த வேளைக்கு முன்பே உடல் இறுகும். உச்சத்தில் கை, கழுத்து தானாக நெளியும். நாலாறு ஆண்டுகளில் சுமார் 40 வீதமானோருக்கு இந்நிலை வருகிறது. அப்போது வேளைகளைக் கூட்டி அளவைப் பிரிப்பார்கள். குளிசையைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து: கடும் காய்ச்சலும் விறைப்பும் வரலாம். பஸ் இல்லாததால் கிளினிக் தவறும் மழைக்காலத்தை எண்ணி, ஒரு வாரக் குளிசை கையிருப்பில் இருக்கட்டும்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே உண்டு, சோதனைகளிலும் அது வேலை செய்தது. ஆனால் விதைக்கு விதை அளவு மாறும், கார்பிடோபாவும் இல்லை. கிளினிக் மருந்தோடு சேர்த்தால் அளவு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

நோய் ஏன் வருகிறது? 1982இல் கலிபோர்னியாவில் கலப்படப் போதைப்பொருளை ஊசியாகப் போட்ட சில இளைஞர்கள் சில நாட்களில் சிலைபோல் விறைத்தார்கள். அதிலிருந்த எம்பிடிபி என்ற பொருள் மூளையில் மாறி உருவாக்கும் நச்சு, களைகொல்லியான பராகுவாட்டின் அமைப்பை ஒத்தது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தொடர்பு தெரிகிறது, ஒருவரின் நோய்க்கு அதுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தேயிலை மலைகளில் புல்லுக்கு அடிக்கப்பட்ட பராகுவாட்டை இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தியது, முதன்மையாகத் தற்கொலை மரணங்களைக் குறைக்க. எந்த மருந்தை அடித்தாலும் கையுறை போடுவதும், அந்த உடுப்பை வேறாகக் கழுவுவதும் தோட்டம் உறுதிசெய்ய வேண்டிய உரிமைகள்.

அழியும் கலங்களுக்குள் ஆல்பா-சைனியூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து திரண்டிருக்கும். 1997இல் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் அதன் மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. 2023இல் 1,123 பேரிடம் முதுகுத் தண்டு நீரைச் சோதித்தபோது, இந்தத் தவறான மடிப்பு பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 வீதமானோரிடம் பிடிபட்டது. நோயை முன்கூட்டியே பிடிக்கும் வழி இது. நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை: நீரிழிவு மருந்தான எக்செனடைட் 96 வாரப் பெரும் சோதனையில் 2025இல் தோற்றது. அதே ஆண்டு, ஆய்வுகூடத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைக் கலங்களாக வளரக்கூடிய கலம்) வளர்த்த டோபமின் கலங்களை மூளைக்குள் வைத்த இரண்டு சிறு சோதனைகள் அந்தக் கலங்கள் பிழைத்திருப்பதைக் காட்டின. இரண்டிலும் சேர்த்து இருபது பேருக்குள்தான் என்பதால், காசு வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஏற்றுகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்.

நோய் முற்றும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைவது வரும். மலைச்சரிவுப் படிக்கட்டில் ஏறிப்போகும் ஒருவர், சமதரையில் லயக்காம்பரா வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவார். ஒவ்வொரு படியும் அடுத்த அடியைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அந்த நடை தானாக வரும் வழியைவிட்டு வேறு வழியால் போகிறது. வாசலுக்கு முன் தரையில் ஓர் அடி இடைவெளியில் நாலைந்து குறுக்குக் கோடுகளைச் சுண்ணாம்பால் போடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கச் சொல்லி, பாரத்தை ஒரு காலில் மாற்றி, "ஒன்று, இரண்டு" என எண்ணிக் கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அகல வளைந்து திரும்பட்டும். சோறு விழுங்கும்போது இருமல் வந்தால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று கொள்ளுங்கள்; அதனால் வரும் நியூமோனியாதான் பலரின் உயிரைக் குடிக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் சாப்பிடட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு முந்திய மூன்று நாட்கள், குளிசை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், இறுகிய நேரம், நெளிந்த நேரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் யாராவது ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த வேளையைப் பிரிப்பது, எந்த வேளையைக் கூட்டுவது என்பதை வைத்தியர் அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.