வறண்ட கண்ணில் ஏன் தண்ணீர் ஊத்துது?

"டாக்டர் கண்ணு வறண்டு போச்சுங்கறாரு. எனக்குன்னா வண்டியில போனாவே தண்ணியா ஊத்துதுங்க. அதெப்படி?" பல்லடம் பக்கத்திலிருந்து அறுபதைத் தாண்டிய வாசகர் ஒருவரின் கேள்வி. டாக்டர் சொன்னதும் சரி, இவர் சொல்வதும் சரி.

விழியின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. கனம் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அடியில் வழவழப்பான சளி, நடுவில் நீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். அந்த எண்ணெய்ப் பூச்சு இன்னும் மெல்லியது. ஆனாலும் நீர் ஆவியாகாமல் தடுத்து வைப்பது அதுதான். பூச்சு கெட்டால் அடுத்த முறை இமைப்பதற்குள் படலம் அங்கங்கே கிழிந்துவிடும். கருவிழியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால் உடனே உறுத்தும். மூளை பதறிப்போய்க் கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடும். வரும் வெள்ளத்தில் நீர்தான் உண்டு, எண்ணெய் போதாது. அதனால் விழியில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். முடி வரிசைக்கு உள்பக்கம், விளிம்பை ஒட்டி, ஊசி குத்தியது போல வரிசையாகத் துளைகள் இருக்கும். மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு சுரப்பி. ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் 1666இல் இவற்றை விவரித்ததால் மைபோமியன் சுரப்பி என்று பெயர். ஒவ்வொரு இமைப்பும் ஒரு சின்னச் செக்கு: அழுத்தி, துளி எண்ணெய் எடுத்து, விழி முழுக்கப் பூசிவிடுகிறது.

இந்த எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. இமையின் சூட்டில்தான் அது இளகி ஓடும். மார்கழியில் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் வைத்தால் தானாக இளகும். வயதாக ஆக இமை எண்ணெயின் கலவை மாறுகிறது, இளகுவதற்குக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. இமையின் சூடோ அப்படியேதான் இருக்கிறது. அதனால் எண்ணெய் பற்பசை போலக் கெட்டியாகித் துளையை அடைத்துக்கொள்கிறது. நாள்பட்ட அடைப்பில் சுரப்பியே சுருங்கிவிடும். அப்படிப் போனது பெரும்பாலும் திரும்ப வளராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இத்தொல்லை அதிகம், ஏனென்றால் இச்சுரப்பிகளை இயக்குவதில் ஹார்மோன்களுக்குப் பங்குண்டு.

இதோடு நம் ஊர்க் காற்றும் சேர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வந்து காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று, படலத்தையும் உலர்த்திவிடும். திருப்பூரில் தையல் மிஷினில் ஊசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும், செல்போனே கதி என்றிருப்பவருக்கும் இமைப்பு பாதிக்கும் கீழே குறைந்துபோகிறது. இமைத்தாலும் அரைகுறைதான்.

இதைத்தான் வீட்டில் "கண்ணு சூடு" என்கிறோம். விளக்கெண்ணெய் விடு, தாய்ப்பால் விடு, வெள்ளரிக்காய் வை என்று குளிர்ச்சி தேடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அடைத்த எண்ணெய்க்கு மருந்தே சூடுதான்! வெள்ளரி வைத்தால் கொஞ்ச நேரம் சுகம், அவ்வளவே. மற்ற இரண்டும் கிருமி நீக்கப்படாதவை, கண்ணுக்குள் விடவே கூடாது. அந்தச் சூட்டைக் கொடுப்பதற்குத்தான் வெந்நீர் ஒத்தடம்.

ஒத்தடத்தில் பலரும் தவறுவது சூட்டின் அளவில். 40 டிகிரிச் சூடு 10 நிமிடம் நிற்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், அதனால் துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. எடுத்தவுடன், எண்ணெய் மறுபடி இறுகுவதற்குள், மூடிய மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவிவிடுங்கள். விழியை அழுத்தாதீர்கள். தினம் இரண்டு முறை செய்தாலும் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நான்கு நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கண் புரை ஆபரேஷன் ஆகிச் சில வாரமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சொட்டு மருந்தில், கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் போன்ற செயற்கைக் கண்ணீர் போதும். ஒரு சொட்டு விட்டால் கண் நிறைந்துவிடும், இரண்டாவது வெளியேதான் வழியும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் ரசாயனம் சேராத மருந்தாகக் கேளுங்கள். அந்த ரசாயனமே விழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். முதலில் சிவப்பு குறையும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம்.

சளி, அலர்ஜி மாத்திரைகளும் சில மன அழுத்த மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயும் உலர்ந்து, மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் இருந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றே போய்க் காட்டுங்கள்.

பல்லடத்துக்காரர் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்க.