பனிவிளக்கில் 100 வாட் பல்பு போட்ட வண்டி எரிந்தால் காப்பீட்டில் என்ன கேட்கலாம்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு பாலித்தீன் பையை என் முன்னால் வைத்தார். உள்ளே பனிவிளக்கின் (ஃபாக் லைட்) கப்ளர், அதாவது வயரை விளக்கோடு இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பி, உருகிச் சுருங்கிக் கிடந்தது. அதன் ஒரு பின் கருகியிருந்தது, மற்றொன்று பச்சை பூத்திருந்தது. தொண்டியிலிருந்து தேவிபட்டினத்துக்கு இரவில் வரும் வழியில் பம்பருக்குள்ளிருந்து புகை கிளம்பி, அவர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் முன்பக்கம் முழுவதும் எரிந்துவிட்டது. ஐந்து மாதங்களாக அலைந்திருந்த அவரிடம் காப்பீட்டு நிறுவனம் தந்த ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. "கிடைக்காது" என்று வாயால் சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள்.

மறுப்பதற்கு அவர்கள் காட்டும் சட்டம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒரு விளக்குக்கு ஒப்புதல் தரப்படும்போது அதில் போட வேண்டிய பல்பின் வகையும் சேர்த்தே ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதால், "பல்பைத்தானே மாற்றினேன்" என்னும் வாதம் நிற்காது. எல்.இ.டி. பல்புக்கும் இதுவே பொருந்தும்.

தீ பிடித்த காரணம் புரிந்தால்தான் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். 55 வாட் பல்பு இரண்டு எரியும்போது 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல் மின்சாரம் ஓடும். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் அது ஏறத்தாழ 17 ஆம்பியர் ஆகிவிடும். வயர் அதே வயர்தான், ஆனால் அதில் பிறக்கும் வெப்பம் மும்மடங்குக்கும் மேல். 15 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது என்று கடைக்காரர் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகும் அந்த நிமிடத்தில், ஃபியூஸுக்குப் பதிலாக வயரே எரியும்படி ஏற்பாடு ஆகிவிடுகிறது. நம் கரையில் உப்புக்காற்று கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பை ஏற்றி மின்தடையைக் கூட்டுவதால், சூடு அந்த ஒரே இடத்தில் திரண்டு பிளாஸ்டிக்கை உருக்குகிறது. இன்னும் மோசமாக, 19 வாட் எச்16 அல்லது 35 வாட் எச்8 பல்புக்காகச் செய்த கூட்டில், பல்பின் அடியில் நீட்டியிருக்கும் காதை அரத்தால் தேய்த்து 55 வாட் எச்11 பல்பைத் திணிக்கிறார்கள். காது வேறுபட்டிருப்பதே அது உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான். எல்.இ.டி. குறைந்த மின்சாரமே எடுப்பதால் வயர் தப்பிக்கும். ஆனால் அதன் பின்புறச் சூடு காற்றோட்டமில்லாத கூட்டுக்குள் அடைபட்டு, பல்பே சீக்கிரம் சாகும்.

இனி அலைச்சல். காப்பீட்டு அலுவலகம் அந்த ஓட்டுநரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சான்று வாங்கி வரச் சொன்னது. அங்கே தீ விபத்து தங்கள் வேலை இல்லை என்றார்கள். காவல் நிலையத்தில் தீயணைப்புத் துறையிடம் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாள் கூலி போயிற்று. உங்களுக்குத் தேவைப்படுபவை தீயணைப்பு நிலையத்தின் விபத்து அறிக்கை, புகார் கொடுத்ததற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, எரிந்த இடத்தின் படங்கள் ஆகியவைதாம். வேறு சான்று கேட்டால், எந்த நிபந்தனையின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கோரிக்கை அத்தோடு மறைந்துவிடும்.

சர்வேயர் வருமுன் எரிந்த கப்ளரையும் ஃபியூஸையும் கழற்றாதீர்கள். தொகை நிரப்பாத வவுச்சரிலோ (பணம் பெற்றதற்கான சீட்டு), "முழுமையாகத் தீர்வு கண்டேன்" என்ற தாளிலோ கையெழுத்திடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள்.

இந்தக் கரையில் அதிகம் பேர் விழும் குழி வேறொன்று. ஓன் போர்டு வண்டியில் (சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி) ராமேஸ்வரத்துக்கு வாடகைக்கு யாத்திரிகர்களை ஏற்றியிருந்தால், பல்பைப் பற்றிப் பேசுமுன்பே அதைக் காட்டி மறுத்துவிடுவார்கள். ஆனால் அப்படி வாடகைக்கு ஓடிய தனியார் வண்டி ஒன்றின் வழக்கில், முழுவதும் மறுப்பது சரியல்ல, நிபந்தனை மீறப்பட்ட (நான்-ஸ்டாண்டர்டு) கோரிக்கை என்ற அடிப்படையில் ஒரு பகுதியையாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 75 விழுக்காடு வரை தரும் அந்த வழக்கத்தைக் கேட்டால் ஒழிய யாரும் வாய் திறப்பதில்லை. கூடுதல் பிரீமியம் கட்டி மின்சாதனங்களைப் பாலிசியில் சேர்த்திருந்தாலும், அது அதிக வாட் பல்புக்குத் தந்த அனுமதி என்று எண்ண வேண்டாம்.

மறுப்பு வாய்மொழியாக வந்தால், சேர்ப்பித்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் காரணம் கேளுங்கள். மண்டபத்துக்காரருக்கு மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மறுப்புக் கடிதத்தோடு நேரே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போனால் புகார் திரும்பிவிடும். முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலில்லாமல் போனாலோதான் அடுத்த படி. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போய்விட வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கும் அங்கே இடமில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருந்தாலும் புகாரை இணையவழி அனுப்பலாம். விசாரணையைக் காணொலியில் கேட்டுப் பெறலாம் என்பதால், 500 கிலோமீட்டர் பயணச் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஒரே விவகாரத்தை இரண்டு இடத்திலும் போட்டால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். காதைத் தேய்த்துப் பல்பைத் திணித்தும், பெரிய ஃபியூஸ் போட்டும் அனுப்பிய கடை மீதும் அதே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் பில் வேண்டும். பில் இல்லாத வேலைக்கு, செய்யவே இல்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிடுவார்; ஓட்டுநரிடமும் பில் இல்லாததால் அந்த வழி அவருக்கு மூடிப்போனது.

இப்போது 100 வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கும் வண்டி உங்களுடையது என்றால், நாளைக் காலையில் விளக்குக் கூட்டில் எழுதியிருக்கும் பல்பின் வகையைப் பார்த்து அதையே வாங்கிப் போடுங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே ஃபியூஸையும் திருப்பிப் போட்டு, பச்சை பூத்த கப்ளரை மாற்றி, மூன்றுக்கும் சேர்த்து வண்டி எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.