40 முறை கத்தியும் ஒரே அலாரம்தானா?

"மருந்துக் கிடங்கின் குளிர்பெட்டியில் ஐஓடி சென்சார் (வெப்பத்தை அளந்து இணையம் வழியே அனுப்பும் கருவி) மாட்டியிருக்கிறோம். ஓர் இரவு கதவு சரியாக மூடவில்லை. நிமிடத்துக்கு ஒன்றாக 40 அலாரம் அனுப்பியதாகக் கருவியின் பதிவு சொல்கிறது. திரையில் இருந்ததோ ஒன்றே ஒன்று. மீதி எங்கே?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

எங்கும் போகவில்லை. பெரும்பாலும் அந்த ஒற்றை அலாரத்தைத் திறந்தால் உள்ளே 'கவுன்ட்' என்று ஓர் எண் இருக்கும். அதில் 40 என்று காட்டும்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். வெப்பம் 8-ஐத் தாண்டியதும் கருவி சர்வரின் வெப் ஏபிஐக்கு, அதாவது நிரல்கள் பேசிக்கொள்வதற்கான வாசலுக்கு, எச்டிடிபி போஸ்ட் கோரிக்கை ஒன்றை ("இதைப் பதிவு செய்" என்னும் இணையச் செய்தி) அனுப்புகிறது. அதற்குள் ஜேசன் என்ற, பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவில் சில வரிகள்: எந்தக் கருவி, என்ன வகைக் கோளாறு, எவ்வளவு கடுமை, எப்போது, மனிதர் படிக்க ஒரு வாக்கியம். அனுப்புவது யார் என்று காட்ட டோக்கன் என்னும் அடையாளக் குறியீடோ கடவுச்சொல்லோ கூடவே போகும். எல்லாம் சரியாக இருந்தால் 201, அதாவது 'உருவாக்கியாயிற்று', என்று பதில் வரும். கடுமையைச் சொல்லும் கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங் ஆகியவை தொலைத்தொடர்புத் துறையில் பழகிய படிகள். 1992இல் வந்த, ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் எக்ஸ்.733 பரிந்துரையிலேயே இருக்கின்றன.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். வெப்ப அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அலாரம் அப்படியல்ல, அதற்கு ஆயுள் உண்டு. முதலில் 'ஆக்டிவ்'. யாராவது "பார்த்துவிட்டேன்" என்று அழுத்தினால் 'அக்னாலெட்ஜ்ட்'. கோளாறு தீர்ந்தால் 'கிளியர்ட்'. க்யூமுலோசிட்டி போன்ற ஐஓடி தளங்களில், போஸ்ட் வந்தவுடன் சர்வர் இரண்டே விஷயங்களைப் பார்க்கிறது: அனுப்பிய கருவி, கோளாறின் வகை. இந்த இரண்டும் ஒத்துப்போகிற, இன்னும் தீராத அலாரம் இருந்தால் புதிதாக எதையும் உருவாக்காது. பழையதன் கவுன்ட்டை ஒன்று கூட்டி, நேரத்தை மாற்றிவிட்டு நகர்ந்துவிடும். முதன்முதலில் வந்த நேரம் தனியே பத்திரமாக இருக்கும்.

இதனால் கருவிக்கு எவ்வளவு நிம்மதி, பாருங்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திரும்ப அனுப்பலாமா, கூடாதா? சாதாரண போஸ்ட் என்றால் இரண்டு பதிவுகள் விழும். இங்கே கவுன்ட் ஒன்று கூடும், அவ்வளவுதான். மின்சாரம் போய்வந்து, முன்பு அனுப்பியதையே கருவி மறந்திருந்தாலும் பரவாயில்லை. சில கிலோபைட் நினைவகம் உள்ள சில்லுக்குப் பதில், நினைவில் வைக்கும் வேலையை சர்வரே ஏற்றுக்கொள்கிறது.

மனிதருக்கும் இது வேண்டும். 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் 2 ஊழியர்கள் முன் வந்து விழுந்த அலாரங்கள் 275. அதில் எதைப் படிப்பது?

ஆனால் இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது சுலபம். வகையின் பெயரிலேயே 'வெப்பம்-8.4' என்று அளவைச் சேர்த்துவிட்டால் போதும். அடுத்த நிமிடம் 8.5 ஆனால் சர்வருக்கு அது வேறு கோளாறு. அளவு போக வேண்டிய இடம் மனிதர் படிக்கும் அந்த வாக்கியம். வகை மாறவே கூடாது.

இன்னொரு தொல்லை, எல்லையிலேயே தள்ளாடும் வெப்பம். 8.1, 7.9, 8.1 என்று ஆடினால் அலாரம் தீரும், மறுபடி பிறக்கும். தீர்ந்ததோடு புதியதைச் சர்வர் சேர்க்காது. எனவே ஒவ்வொன்றும் புது அலாரம். மருந்து எளிது: 8-ஐத் தாண்டினால் எழுப்பு, 7-க்குக் கீழே வந்தால்தான் தீர்த்து வை. இதை மின்சுற்றாகச் செய்து காட்டியவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1930களில். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் பாய்கிறது என்ற ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது அது. கணவாய் நரம்பால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தச் சுற்றைத்தான். இன்று இதற்கு இரண்டு வரி நிரல் போதும். அதைக்கூட எழுதாமல் "செயற்கை நுண்ணறிவு அலாரம்" என்று விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அப்புறம், வாசகி கேட்காத ஒன்று. கருவியே செத்துப்போனால் போஸ்ட் யார் அனுப்புவது? அதற்கு சர்வரிடம் முன்கூட்டியே "இத்தனை நிமிடத்துக்குள் இதனிடமிருந்து ஏதாவது வர வேண்டும்" என்று சொல்லி வைக்கலாம். கெடு தாண்டினால் சர்வரே அந்தக் கருவியின் பேரில் அலாரம் எழுப்பும். கருவி மறுபடி பேசத் தொடங்கியதும் தானே தீர்த்தும் வைக்கும். பல தளங்களில் இந்தக் கெடுவை நாமாகத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் குளிர்பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.