கழற்சி: ஒரு கடற்கரை முட்கொடியின் பெயர்

வெப்பமண்டலக் கடற்கரை மணல்மேடுகளிலும் அவற்றை அடுத்த புதர்க்காடுகளிலும் படர்ந்தேறி வளரும் ஒரு முட்கொடிக்கும் அதன் காய்க்கும் கழற்சி என்று பெயர். கழற்கொடி, கழற்காய் என்னும் வடிவங்களும் அகராதிகளில் உண்டு. பேச்சு வழக்கில் கழற்சிக்காய் என்றும், தெலுங்கின் கச்சக்காயோடு ஒத்த ஒலியில் கெச்சக்காய் என்றும் வழங்குகிறது. நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய் என்று கேட்டால் கிடைப்பது உண்மையில் காய் அன்று, விதை. காயின் மேலெல்லாம் முள்ளெலியைப் போல மெல்லிய முட்கள் அடர்ந்திருக்கும்; அது முற்றி இரண்டாகப் பிளந்தால் உள்ளே ஒன்றோ இரண்டோ விதைகள் இருக்கும். விதை ஈயத்தின் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். உற்று நோக்கினால் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புக் கோடுகள் வளையம் வளையமாக ஓடுவது தெரியும். ஓட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டும். சிமென்ட் தரையில் வேகமாகத் தேய்த்தால் தொட்டவர் கையை உதறும் அளவுக்குச் சூடேறும்.

கொடியின் தண்டிலும் கூட்டிலையின் காம்பிலும் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்தவை. அவற்றைக் கொண்டுதான் இது அருகிலுள்ள மரத்தைப் பற்றி ஏறுகிறது. உள்ளே நுழைந்த ஆடோ மனிதரோ முன்னே போகலாம், பின்வாங்குவதுதான் கடினம். உயிர்வேலிக்கு இதை நட்டதன் காரணம் இதுவே.

சொல்லின் எழுத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கழர்ச்சிக்காய், கழற்ச்சிக்காய், களற்சிக்காய் என்றெல்லாம் பொட்டலங்களில் அச்சிடுகிறார்கள். முயல் என்பது முயற்சி என்றும், பயில் என்பது பயிற்சி என்றும் ஆவதுபோலக் கழல் என்பதிலிருந்து கழற்சி வருகிறது. ஆகையால் றகர ஒற்றுக்குப் பின் இன்னொரு சகர ஒற்று வராது, ழகரம் ளகரம் ஆகவும் கூடாது. காயோடு சேரும்போது மட்டும் ககரம் மிகுந்து கழற்சிக்காய் ஆகும்.

கழல், கழற்சி, கழங்கு ஆகிய மூன்றும் ஒரு வேரின் கிளைகள் என்றே திராவிட மொழிச் சொற்பிறப்பியலார் கொள்கின்றனர். மலையாளத்தில் இக்கொடி இன்றும் கழஞ்சிதான். சங்க இலக்கியத்தில் நாம் மிகுதியாகக் காண்பது கழங்கு. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தில், தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகன் என்று, முருகனுக்கு வெறியாடும் பூசாரியான வேலன் கழங்கைக் கொண்டு குறி சொல்கிறான். காரணம் காதலன் என்பதை அறிந்த தோழி அக்கழங்கைக் கேலி செய்கிறாள். புறநானூற்றின் 36ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், ‘குறுந்தொடி மகளிர் பொலஞ்செய் கழங்கின் தெற்றி ஆடும்’ ஆன்பொருநைக் கரையின் வெண்மணலைப் பாடுகிறார். பொன்னால் செய்த கழங்கு என்னும் இத்தொடர் கவனிக்கத்தக்கது. விதையின் பெயராக இருந்த சொல், எப்பொருளால் செய்யப்பட்டாலும் ஆட்டக்காய் என்னும் பொருளை அக்காலத்திலேயே பெற்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொன் நிறுத்த அளவான கழஞ்சும் இவ்விதையின் பெயரிலிருந்தே வந்தது என்பர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்னும் கணக்கில் குன்றியும் மஞ்சாடியும் விதைகளாக இருக்கும்போது, மூன்றாவதும் விதையாக இருப்பது இயல்பே. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் அளித்த பொற்கலங்கள் ஆடவல்லான் என்னும் நிறைகல்லால் நிறுக்கப்பட்டுக் கழஞ்சுக் கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம்.

தாவரவியல் பெயரும் தனிக்கதை உடையது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் குயிலாண்டினா பாண்டக் என்று பெயரிட்டார். முதற்பகுதி, பிரஷ்யாவில் பிறந்து இத்தாலியின் பதுவா தாவரத் தோட்டத்தை நடத்திய மெல்கியோர் வீலாண்டின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. பின்னர் தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் வழியில் நெடுங்காலம் சீசல்பினியா பாண்டக் என வழங்கிய இதை 2016இல் வெளிவந்த மறுவகைப்பாடு மீண்டும் பழைய பேரினத்திலேயே சேர்த்தது. ஆகவே நூல்களில் இரண்டு பெயர்களும் காணப்படும். பாண்டக் என்பது புந்துக் என்னும் அரபுச் சொல். கருங்கடல் பகுதியான பொன்டஸின் கொட்டை என்னும் கிரேக்க வழக்கிலிருந்து அரபுக்குப் போய் ஹேசல் கொட்டையைக் குறித்தது. அரபு மருத்துவர்கள் கழற்சியை ‘இந்தியக் கொட்டை’ என்னும் பொருளில் புந்துக் ஹிந்தி என்றனர். அதே சொல் உருண்டையையும் குண்டையும் குறித்து, இந்தியில் துப்பாக்கிக்குப் பெயரான பந்தூக் ஆயிற்று. ஆங்கிலத்தில் இதன் பெயரான நிக்கர், கோலிக்குண்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லான க்னிக்கரிலிருந்து வந்தது. ஆண்டிகுவாவிலும் பார்படோசிலும் குழிப்பலகையில் ஆடும் வாரி ஆட்டத்தில் இன்றும் இவ்விதைகளே காய்கள்.

மராத்தியில் இதற்குச் சாகர்கோட்டா என்று பெயர், சாகரம் கடல். பொருத்தமான பெயர், ஏனெனில் ஓட்டுக்குள் காற்றிடம் இருப்பதால் விதை கடல்நீரில் மூழ்காமல் நெடுந்தொலைவு மிதந்து, முளைக்கும் திறனையும் இழக்காமல் கரை சேர்கிறது. உலகின் வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் ஒரே கொடி இருப்பதற்கு இதுவே விளக்கம். வளைகுடா நீரோட்டத்தில் சிக்கியவை ஸ்காட்லாந்து வரை போகின்றன. அங்குள்ள மேற்குத் தீவுகளில், கரை ஒதுங்கும் இத்தகைய விதைகளான ‘மொலுக்கா’ கொட்டைகளில் வெண்மையானதைக் கண்ணேறு படாதிருக்கக் குழந்தைகளின் கழுத்தில் கட்டினர் என்றும், தீங்கு நெருங்கினால் அது கறுக்கும் என நம்பினர் என்றும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் மார்ட்டின் மார்ட்டின் 1703இல் எழுதினார். திருஷ்டிக்குக் காப்புக் கட்டுவது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் என்று எண்ண வழியில்லை.

மருந்தாகப் பயன்படுவது விதையின் பருப்பு. கடுங்கசப்புடைய அதை மிளகோடு பொடித்துக் காய்ச்சலுக்குக் கொடுப்பது பழைய முறை; 1868இல் வெளியான இந்திய மருந்துத் தொகுப்பும் அம்முறையை ஏற்றுக்கொண்டது. சித்த மருத்துவத்தில் விரைவீக்கத்துக்கு இதை உள்ளுக்குக் கொடுப்பதோடு, இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வெளியே கட்டுவர். அண்மைக் காலத்தில் சினைப்பை நீர்க்கட்டிக்குக் கைகண்ட மருந்து என்று இதன் சூரணம் பரவலாக விற்கப்படுகிறது. இதுவரை உள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்திலும் விலங்குகளிலும் நடந்தவை என்பதால் விளம்பரத்தின் உறுதியை அப்படியே ஏற்க முடியாது. கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் நிக்கர் கொட்டை என்று எழுதுவது தேவையற்றது. வடமொழியின் லதாகரஞ்சம் என்பதைக் கொடிப்புங்கு என்று பெயர்ப்பது அதைவிடத் தவறு, ஏனெனில் புங்கு வேறு மரம். படிப்பவர் அதன் எண்ணெயை நினைத்துக்கொள்வார். செடிக்குக் கழற்கொடி, முள்நிறைந்த நெற்றுக்குக் கழற்காய், உள்ளிருப்பதற்குக் கழற்சி விதை, மருந்துக்குக் கழற்சிப் பருப்பு என்று பிரித்து எழுதலாம். கழங்கை ஆட்டக்காய்க்கும் குறிக்காய்க்கும் விட்டுவிடலாம்.